துரைசானி தேய்த்த படி

ஒரு வீட்டுக்குப் போனால் எல்லாரும் முன்வாசலைப் பார்ப்பார்கள். நான் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். வண்டிப்பெரியாரில் ஒரு பேக்கரியின் மாடியில் அறை எடுத்து, வீட்டுக்குப் பிளான் வரைந்து பஞ்சாயத்தில் பெர்மிட் வாங்கித் தருகிற வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். அந்த வேலையால் வந்த பழக்கம் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நான் ஒரு தோட்டியின் மகள். எஸ்டேட்டில் கக்கூஸ் கழுவுகிறவர்களுக்கு அதுதான் பெயர், ஆள் கணக்கு எழுதுகிற மஸ்டர் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். வீடு என்றால் எனக்கு முதலில் தெரிந்தது அதன் முதுகு.

ஆற்றைத் தாண்டி மேலே ஏறினால் தேயிலைக்கு நடுவே ஒரு பங்களா இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்தில் கட்டியது. மழை நிற்காமல் வழியும்படி செங்குத்தான தகரக் கூரை, அதற்குச் சிவப்புப் பெயின்ட். முகப்பில் முக்கோணமாக எழும்புகிற இடத்தில், சேலைக் கரை மாதிரி ஓட்டை ஓட்டையாக வெட்டிய மரப் பலகை. வராந்தாவில் கப்பலில் கொண்டுவந்த இரும்புத் தூண்கள். முன் அறையில் சுவரைவிட்டு வயிறு தள்ளி நிற்கிற மூன்று முகச் சன்னல். கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. அறைக்கு ஒன்றாகக் கணப்பு, கணப்புக்கு ஒன்றாகப் புகைபோக்கி. அதே மலையில், அதே குளிரில், எங்கள் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், ஆறு பேர் ஒரே அறையில் படுத்தோம், அடுப்புப் புகை போக ஓட்டை கிடையாது. அழகான வீடு. அதை நான் மறுக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த வீட்டின் சூட்சுமம் முன்பக்கத்தில் இல்லை. படுக்கையறை ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு குளியலறை. குளியலறைக்கு இரண்டு கதவு. ஒன்று படுக்கையறைக்குள் திறக்கும். இன்னொன்று வீட்டின் பின்பக்கம், மூன்று கல் படி இறங்கி வெளியே போகும். தண்ணீர் ஊற்றிவிடுகிற கக்கூஸ் அப்போது கிடையாது. ஒரு மரப் பெட்டி, நடுவில் ஓட்டை, அடியில் எனாமல் சட்டி. சட்டியை எடுக்கிற ஆள் வீட்டுக்குள் நடக்கக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது. அதற்காக யோசித்து யோசித்து, பிளானில் கோடு போட்டு, தனியாக ஒரு கதவு வைத்திருக்கிறான் வீட்டைக் கட்டியவன். நானும் கோடு போடுகிறவள்தான். அந்தக் கதவைப் போட்டவன் கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறவர்கள் நடக்கிற பாதையும் தோட்டி நடக்கிற பாதையும் ஒரு இடத்தில்கூடச் சந்திக்காது.

அந்தப் பாதையில் நடந்தவள் என் அம்மா. கல்யாணமாகி வந்த மறு மாதத்திலிருந்து முப்பது வருடத்துக்கு மேல். அவளுக்கு முன்னால் அவளுடைய மாமியார், அவளுக்கும் முன்னால் யாரோ. விடியற்காலையில் போய், மூன்று குளியலறையிலும் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்து, படி இறங்கி, பின்னால் இருந்த குழியில் கொட்டி, கல் தொட்டியில் கழுவி, திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். போகும்போது தேங்காய்நாரும் மணலும் போட்டு அந்தப் படிகளையும் தேய்த்துவிட வேண்டும். பிறகு தண்ணீர்க் கக்கூஸ் வந்தது, சட்டி போயிற்று. கதவும் அம்மாவும் அப்படியே இருந்தார்கள். கழுவ ஆள் வேண்டுமே.

வெளிக்கதவைத் திறப்பதற்கு முன்னால் தோட்டி இரும வேண்டும். அது அங்கே சட்டம். உள்ளே யாராவது இருந்தால் பதிலுக்கு ஒரு சத்தம் வரும், தள்ளிப் போய் நிற்க வேண்டும். சத்தம் வராவிட்டால் போகலாம். கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. இருமல் மட்டும்தான்.

இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு ஓயாத இருமல் என்பதுதான். எந்த அறைக்குள் போனாலும் வாசலில் நின்று ஒரு இருமல். கோவிலுக்குள் போகும்போதும், மளிகைக் கடையில் ஏறும்போதும். நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அவளை பீர்மேட்டுக்கு அழைத்துப்போய் சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நின்றேன். பஸ் ஸ்டாண்டில் வைத்து அம்மா சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, இது சீக்கு இல்ல. கதவத் தொறக்க முன்னால இருமணும்லா. பழகிப்போச்சு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் "பங்களா ஆயா" என்று சொல்லச் சொல்லி வளர்த்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள், குமுளி பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு.

எஸ்டேட் கைமாறி, நலிந்து, பங்களாவைப் பூட்டிப் போட்டார்கள். சில வருடம் முன்பு எறணாகுளத்திலிருந்து ஒருவர் வந்து அதைக் குத்தகைக்கு எடுத்தார். பழமை மாறாமல் ஹோம்ஸ்டே ஆக்கப் போகிறாராம். பழைய பிளான் யாரிடமும் இல்லை, அளந்து வரைய ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்தார். ஒத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் நேராகவே சொல்கிறேன்: கையில் டேப்போடு, காலில் செருப்போடு, அந்த முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும் என்று எனக்கு வெறி. போனேன். வண்ணக் கண்ணாடியில் வெயில் பட்டு என் சேலையில் சிவப்பும் பச்சையும் விழுந்தது. ரொம்ப நேரம் அந்த இடத்திலேயே நின்று அளந்தேன், அளக்க அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அதுவும் எனக்கு ஒரு தொல்லை. மரியாதையாக "மேடம்" என்பார், சாயா கொண்டுவரச் சொல்லி உட்கார வைப்பார். பழைய கொக்கி, பழைய தாழ்ப்பாள் எதைப் பார்த்தாலும் சின்னப் பிள்ளை மாதிரி மகிழ்ந்துபோவார். மணி அடிக்கிற கம்பியைக் கண்டுபிடித்த அன்று எனக்கு போன் செய்து சொன்னார். இழுத்தால் சமையல்கட்டில் மணி அடிக்குமாம். அந்த மணி அடித்தால் யார் ஓடினார்கள் என்று அவர் கேட்கவில்லை.

பின்பக்கம் கிடந்த கல் தொட்டியை அவர் கண்டெடுத்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"இது கண்டோ மேடம்? குதிரைக்குத் தண்ணி வெச்ச தொட்டி. ஒரே கல்லு!"

குதிரை. நாலு ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் முன்வாசலில் வைத்து, தண்ணீர் ஊற்றி, அல்லிப்பூ மிதக்க விட்டார். நான் இரண்டு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "சார், அது குதிரைத் தொட்டி இல்லை. பீச்சட்டி கழுவின தொட்டி. என் அம்மா கழுவினாள்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அடுத்த முறை நான் போனபோது தொட்டி இல்லை. சம்மட்டியால் உடைத்து, ஜீப் ஏறி வருகிற பாதையில் குழி நிரப்பியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டேன், ஆள் ஆடிப்போய்விட்டார் என்றெல்லாம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒடச்சுட்டானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி கீரைக்குக் குனிந்துவிட்டாள்.

பிறகு அந்தப் படி. பெரிய படுக்கையறையின் குளியலறைக்கு வெளியே இருக்கிற மூன்று படியில் நடுப்படி வலது பக்கம் குழிந்து தேய்ந்திருக்கும். ஒரு கை அரிசி கொட்டலாம், அவ்வளவு குழி. சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் காலை ஊன்றுவார்கள். முதலாளி அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடவிப் பார்த்தார்.

"எத்தனை வருஷம் நடந்தா கல்லு இப்படித் தேயும்! மதாம்மா தினம் காலையில ரோஸ் கார்டனுக்கு இதுவழியா இறங்கியிருப்பாங்க, இல்லே?"

மலையாளத்தில் மதாம்மா, எங்கள் எஸ்டேட்டில் துரைசானி. வெள்ளைக்கார மேனேஜரின் மனைவி. அவளுக்கு அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரிந்திருக்காது. பின்னால் ரோசா இருந்தது உண்மை. குழியை மூடிய பிறகு அதன்மேல்தான் தோட்டக்காரர் ரோசா வைத்தார். அப்படி ஒரு ரோசா அந்த மலையில் எங்கேயும் பூத்ததில்லை. ஏன் பூத்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும்.

படிக்கு மேல் கெட்டிக் கண்ணாடி போட்டு, உள்ளே விளக்கு வைத்து, கதவில் 'மதாம்மா வாசல்' என்று பித்தளைத் தகடு அடிக்கப்போவதாகச் சொன்னார். என் பிளானில் நான் அந்தக் கதவுக்கு நேரே 'தோட்டி வாசல்' என்று எழுதியிருந்தேன். அதை மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். "கெஸ்ட் அங்க இருந்து சாயா குடிக்கணும் மேடம்" என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார். வேறு ஆளை வைத்து மாற்றிக்கொண்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. யார் வீட்டிலோ பிளான் பேசிக்கொண்டிருப்பேன், திடீரென்று அந்தப் பித்தளைத் தகடும் ரோசாவும் ஞாபகம் வரும், பென்சில் முனை ஒடிந்துவிடும்.

திறப்பு விழாவை மலையாளத்தில் உத்காடனம் என்பார்கள். பங்களாவில் வேலை செய்த பழைய ஆள் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்ல வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. உயிரோடு இருக்கிற ஒரே ஆள் என் அம்மா. கார்டு வந்தது. நான் துள்ளாத குறை. மகள் சொன்னால் வாய்த்துடுக்கு என்பார்கள். நடந்தவளே சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

மூன்று நாள் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "ஒண்ணும் பெருசா பேச வேண்டாம். அந்தப் படி தேஞ்சது என் காலாலன்னு மட்டும் சொல்லு. போதும்."

"பாப்பம்" என்றாள்.

"பாப்பம் இல்ல. சொல்லணும்."

"சரிட்டி, விடேன்."

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பகல் பதினொரு மணி. பங்களா வாசலில் பந்தல், மைக், வரிசையாகக் கார். பஞ்சாயத்து மெம்பர் என்னை நிறுத்தி ஏதோ கேட்டார், பதில் சொல்லித் திரும்புவதற்குள் அம்மாவைக் காணவில்லை. பந்தலில் இல்லை, வராந்தாவில் இல்லை. முன்வாசல் விரியத் திறந்து கிடக்கிறது, தோரணம் தொங்குகிறது, அங்கேயும் இல்லை. உள்ளே ஓடினேன். முதலாளி ஒரு பத்துப் பன்னிரண்டு பேருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் அந்தக் குளியலறைக்குள் நின்று புதுச் செம்புத் தொட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்.

முதலாளி கதவைத் திறந்தார். நடுப்படியில் வெறுங்காலோடு அம்மா நின்றாள். கண்ணாடி அன்று மாலைதான் போடுவதாக இருந்தது. செருப்பைச் சுவர் மூலையில் கழற்றிப் போட்டிருந்தாள். தோரணம் கட்டிய வாசல் இருக்க, கார்டு கொடுத்துக் கூப்பிட்ட வீட்டுக்கு, அவள் கால் தானாக அங்கே போயிருக்கிறது.

"அம்மச்சி! கரெக்டா இங்கேயே வந்தாச்சே!" முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்தவர்கள் பக்கம் திரும்பி, "இவங்க இங்க வேலை செஞ்சவங்க" என்றார். பிறகு அம்மாவிடம், "அம்மச்சி, இந்தக் கதவு ஓர்மை இருக்கா? மதாம்மா இதுவழியாத்தானே இறங்குவாங்க?"

எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து, "சொல்லும்மா" என்றேன், சத்தமாகவே.

அம்மா என்னைப் பார்த்தாள். குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"ஆமாய்யா. துரைசானி இதுவழியாத்தான் எறங்குவாவ. தெனமும் காலையில. வெள்ளக் கவுனு போட்டிருப்பாவ. இந்தா, இந்த நடுப்படியிலதான், வலது கால ஊனி எறங்குவாவ. மழைன்னாலும் விட மாட்டாவ."

ஒரு பெண் "ஆ" என்றாள். கைதட்டினார்கள். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா இன்னும் கொஞ்சம் சேர்த்தாள், துரைசானி ரோசாவைக் கையால் பறிக்க மாட்டாள், முகர்ந்து மட்டும் பார்ப்பாள் என்று. எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு பொய். பந்தலில் பொன்னாடை போர்த்தினார்கள், மைக்கிலும் அதையே சொன்னாள், இன்னும் தெளிவாக. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவை நான் வெறுத்தது வாழ்க்கையில் அந்த அரை மணி நேரம்தான். ஆனால் அப்போது உண்மையாகவே வெறுத்தேன்.

திரும்பி வருகிற ஆட்டோவில் ஆற்றுப் பாலம் வரை பொறுத்திருந்தேன். பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றதும் வெடித்துவிட்டேன்.

"சுமந்தது நீ. பேரு அவளுக்கா? உனக்கு வெக்கமா இல்லயா? எதுக்குப் பயம்? அவரு உன்ன என்ன செஞ்சிருவாரு?"

"கத்தாத. ஆட்டோக்காரத் தம்பி கேக்கான்."

"கேக்கட்டும்!"

அம்மா மடியில் மடித்து வைத்திருந்த பொன்னாடையின் ஜரிகையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சட்டி கழுவுன தொட்டி எங்கட்டி?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அதான் ஒடச்சுட்டாங்களே."

"ஏன் ஒடச்சான்?"

நான் பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்தேன்.

"நீ உள்ளதச் சொன்ன, அவன் ஒடச்சான். குதிரத் தொட்டியா இருந்த வரைக்கும் பூப் போட்டு வச்சிருந்தாம்லா? அந்த பங்களாவுல நான் நடந்தேன்னு சொல்லுததுக்கு இனி அந்த ஒரு கல்லுதான் கெடக்கு. என் காலுன்னு சொன்னா நாளைக்கே பேத்து எறிஞ்சிருவான். துரைசானி காலுன்னா கண்ணாடி போட்டு லைட்டு போட்டு வச்சிருப்பான். நான் செத்த பொறவும் கெடக்கும். யாரு பேருல கெடந்தா என்ன, தேஞ்சது என் காலுக்குத்தான." ஜரிகையை மறுபடி நீவிவிட்டு, "எங்க அத்தையோட காலும் இருக்கு அதுல" என்றாள்.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, ஆட்டோ நகர்ந்தது. என் கோபம் குறைந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் தப்பு. ஒரு கல்லைக் காப்பாற்ற என் அம்மா தன் காலை ஒரு வெள்ளைக்காரிக்குத் தானம் செய்ய வேண்டியிருந்ததே, அதற்கு நான் யாரை மன்னிக்க வேண்டும்? அம்மாவை மட்டும் அன்றைக்கே, வீடு வருவதற்குள் மன்னித்துவிட்டேன்.

படி இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிகிறது. வருகிறவர்கள் குனிந்து போட்டோ எடுக்கிறார்கள். என் ஆபீசுக்கு வருகிறவர்கள் சிலர், "நீங்கதான மேடம் அந்த பங்களாவை அளந்தது, அந்தப் படி நிஜமாவே மதாம்மா நடந்து தேஞ்சதா?" என்று கேட்பார்கள். ஆமாம், தினமும் காலையில், வலது காலை ஊன்றி என்கிறேன். சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

இங்கே எழுதியதில் ஊர்ப் பெயர் தவிர ஒரு பெயர்கூட இல்லை. பங்களாவுக்கு, எஸ்டேட்டுக்கு, அம்மாவுக்கு, யாருக்கும். போகிற வழியைக்கூடக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எது என்று தெரிந்தால் கடப்பாரையோடு ஆள் வந்துவிடும். இந்த மலையில் அப்படிப்பட்ட பங்களாக்கள் நிறைய. வாடகைக்கு எடுத்துத் தங்கப் போனால் ஒருமுறை பின்பக்கம் சுற்றிப் போய்ப் பாருங்கள், எல்லாவற்றிலும் குளியலறைக்கு வெளியே படி இருக்கும். பார்த்துக் கால் வையுங்கள்.